மறுப்பின் கூலி

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் தடுக்கி விழுந்தால் ஒரு பியூட்டி பார்லர். ஒரு தெருவில் மாட்டேன் என்றால் அடுத்த தெருவில் செய்துவிடுவார்கள். இது வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியும், வருகிறவர்களுக்கும் தெரியும். சம்பளத்தோடு, செய்யும் வேலைக்கேற்ப இன்சென்டிவ் வாங்கும் ஸ்டைலிஸ்ட், பெரிய வேலையை மறுத்து வெறும் ட்ரிம்மிங்கோடு ஆளை அனுப்பினால் முதல் நஷ்டம் அவருக்குத்தான்.

முடி வெட்டிக்கொள்ளக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை அப்படியொரு மறுப்பைப் பார்த்தேன். வந்தது கல்லூரிப் பெண். நுனிவரை கறுப்பு மெஹந்தி. அதை பிளீச் செய்து தேன் நிறமாக்க வேண்டும், கூடவே ரீபாண்டிங்கும். அடுத்த வாரம் அக்கா கல்யாணம். ஸ்டைலிஸ்ட் ஒற்றை முடியை எடுத்து நனைத்து, விரல்களுக்கிடையே மெல்ல இழுத்தார். நல்ல முடி நனைந்திருக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீண்டு, விட்டால் சுருங்கும். இது அறுந்தது.

“வேணாம்மா, பண்ண மாட்டேன்.”

“காசு தர்றேனே அக்கா?”

“காசு நீ தருவே. முடி யாரு தருவா?”

ரீபாண்டிங் என்பது, முடியின் கெரட்டின் புரதத்தைக் கோத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை மருந்தால் அறுத்து, நேராக்கி, மறுபடி பூட்டும் வேலை. அறுந்தவை அத்தனையும் திரும்பப் பூட்டிக்கொள்வதில்லை. பிளீச்சும் அதே பிணைப்புகளில்தான் கை வைக்கிறது. மெஹந்தி பாக்கெட்டில் உலோக உப்பு கலந்திருந்தால், பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி நொறுங்கவும் கூடும். தலைக்கு வெளியே வந்த முடிக்கு உயிரில்லை. கெட்டது தானாக ஆறாது. புது முடியோ மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

2018ல் டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றின் சலூனில், கேட்டதைவிடக் குட்டையாக வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தொகைக்கு ஆதாரம் போதாதென்று உச்ச நீதிமன்றம் 2023ல் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. கேட்டதைச் செய்யாததற்கு இத்தனை பெரிய வழக்கு. கேட்டதை அப்படியே செய்து முடியைப் பாழாக்கியவரிடமோ ‘நீதானே கேட்டாய்’ என்ற பதில் தயாராக இருக்கிறது.

நம் ஊர்களில் முடி திருத்தியவர்களே ஒரு காலத்தில் வைத்தியமும் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். உடம்புக்கு ஆகாததை ஆகாது என்று சொல்வது அந்தக் கைகளுக்குப் புதிதல்ல. புதிதாக வந்தது டார்கெட்தான்.

அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அடுத்த தெருவுக்கே போயிருக்கலாம். ஸ்டைலிஸ்டின் அன்றைய கணக்கில் ஒரு பெரிய வேலை குறைந்தது. அவர் நேர்மையால் பெயர் வாங்குவது கடை. அதற்குக் காசு இழப்பது அவர். சலூன் முதலாளிகள் மறுத்த வேலைக்கும் இன்சென்டிவில் ஒரு பங்கு வைத்தால்தான் என்ன?