கை பத்திரம்

மியூனிக், ஜெர்மனி

அன்புள்ள அக்கா,

அம்மாவின் தர்மாமீட்டர் உடைந்துவிட்டது. நான் முதன்முதலில் விமானம் ஏறக் கிளம்பியபோது, நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் சுக்குப்பொடிக்கும் நடுவே பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்துக் கொடுத்தாளே, அதே கண்ணாடித் தர்மாமீட்டர். இத்தனை வருடம் மருந்துப் பெட்டியில் பத்திரமாகக் கிடந்தது. போன மாதம் ராத்திரியில் இருமல் மருந்தைத் தேடும்போது கை தட்டி, குளியலறைத் தரையில் விழுந்தது. பாதரசம் மணிமணியாகச் சிதறி மூலைக்கு மூலை ஓடியது.

சின்ன வயதில் வத்தலக்குண்டு வீட்டில் இப்படி ஒன்று உடைந்தது உனக்கு நினைவிருக்கும். நாம் இரண்டு பேரும் அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம். நீ அதைத் தீப்பெட்டிக்குள் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய். யாரும் நம்மைத் தடுக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

இங்கே நான் வாக்வம் கிளீனரை எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டுப் பாட்டி வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார். வாக்வம் கிளீனரால் உறிஞ்சினால் பாதரசம் சூடாகி, ஆவியாகி, வீடு முழுவதும் பரவும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் பொடிப்பொடியாக உடையும். முதலில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். குழந்தையை வேறு அறைக்கு அனுப்பச் சொன்னார். பிறகு இரண்டு அட்டைத் துண்டுகளால் மணிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் திரட்டினோம். மிஞ்சிய துளிகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்தோம். டேப், அட்டை, கண்ணாடித் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு இறுக மூடினோம். மொத்தமாகப் பார்த்தால் ஒரு கிராம் இருந்திருக்கும். அந்த ஒரு கிராமுக்கு அந்த எழுபது வயதுப் பாட்டி அரைமணி நேரம் தரையில் மண்டியிட்டிருந்தார்.

பாட்டிலின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, அதில் ‘பாதரசம்’ என்று என்னையே எழுதச் சொன்னார். “நாளைக்கு இதை வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?” என்றார்.

இந்த ஊரில் ‘கிஃப்ட்மொபில்’ என்று ஒரு வண்டி உண்டு. ஜெர்மன் மொழியில் கிஃப்ட் என்றால் விஷம். விஷ வண்டி என்று வைத்துக்கொள். பேட்டைக்குப் பேட்டை, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வந்து நிற்கும். மீந்த பெயின்ட், தின்னர், ஆசிட், பூச்சிமருந்து, பாதரச விளக்கு, பேட்டரி என்று வீட்டில் சேரும் அபாயமான பொருள்களை வீட்டளவில் கொண்டுபோனால் காசு கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். நானும் என் ஜாம் பாட்டிலோடு வரிசையில் நின்றேன். கையுறையும் ஏப்ரனும் போட்ட ஊழியர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “இது என்ன?” பதில் கேட்ட பிறகே கை நீட்டி வாங்கினார். ஆசிட் ஒரு பெட்டிக்கும் காரம் இன்னொரு பெட்டிக்கும் போயின. பெயர் தெரியாத புட்டியைத் தனியே வைத்தார்.

அக்கா, அந்த வரிசையில் நிற்கும்போது அம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. நம் வீட்டில் சிமினி உடைந்தால், தம்ளர் உடைந்தால், அம்மா அதைத் தினத்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, சணலால் கட்டி, குப்பை வண்டி வரும்வரை திண்ணையிலேயே காத்திருப்பாள். கொடுக்கும்போது, “தாயி, உள்ள கண்ணாடி கெடக்கு, கை பத்திரம்” என்பாள். அம்மா எந்தச் சட்டத்தையும் படிக்கவில்லை. குப்பை நம் கையைவிட்டுப் போனதும் இன்னொரு கைக்குத்தான் போகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் நான் பார்க்கும் அத்தனை நிறத் தொட்டிகளும் விதிகளும் அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குப்பையை எறியாதே, இன்னதென்று சொல்லிக் கொடு.

சொல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் மலைதான் சாட்சி. 1983இல் அமெரிக்காவிலிருந்து ஒரு தர்மாமீட்டர் தொழிற்சாலையைக் கழற்றிக் கொண்டுவந்து கொடைக்கானலில் நிறுத்தினார்கள். அங்கே செய்தவை ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக்குப் போயின. உடைந்த கண்ணாடி மட்டும் ஊரிலேயே தங்கியது. 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் தூள் 7 டன்னுக்கு மேல் சாக்குச் சாக்காகக் கிடந்தது வெளியே வந்தது. அதை எடை போட்டு வாங்கியவருக்கும் சாக்கைத் தூக்கியவருக்கும் உள்ளே இருப்பது இன்னது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவை 2003இல் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். ஆலையில் வேலை பார்த்த 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. பாம்பார் சோலைக்கு மேலே பாதரசம் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை ஆலை மூடி இருபது ஆண்டு கழித்தும் முடியவில்லை. நம் கையில் உருண்ட ஒரு கிராமும் அந்த மலையில் ஊறியதும் ஒரே சரக்குத்தான், அக்கா.

பாதரசத்துக்கு அழிவில்லை. எரித்தால் ஆவியாகும், ஆவி குளிர்ந்தால் மண்ணிலும் நீரிலும் இறங்கும், நீரில் அது மீனுக்குள் போய்ச் சேரும். ஐரோப்பாவில் காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தர்மாமீட்டர் விற்பனையை 2009இல் நிறுத்திவிட்டார்கள். வேண்டாத பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துக் கட்டி, பழைய உப்புச் சுரங்கங்களின் ஆழத்தில் வைக்கிறார்கள். இரசமும் கந்தகமும் சேர்ந்தால் லிங்கம் என்று நம் சித்த வைத்தியர்கள் சொல்வார்களே, ஏறத்தாழ அதே சேர்க்கை. ரசத்தைக் கட்டாமல் விட்டால் ஓடும் என்பது நம் ஊர் அறிவும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையை ஃப்ரோட்மானிங் குன்றுக்குக் கூட்டிப்போனேன். பெரிய கால்பந்து மைதானத்துக்கு எதிரே, சுமார் 75 மீட்டர் உயரம், உச்சியில் காற்றாலை. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து ஆல்ப்ஸ் மலை தெரியும். புல்லும் மரமுமாக அழகாக இருக்கும் அந்தக் குன்று முழுவதும் இந்த நகரம் கொட்டிய குப்பை. ஒரு காலத்தில் அங்கே ஒரு கிராமம் இருந்தது. குப்பைமேட்டுக்கும் விரைவுச்சாலைக்கும் இடம் விட்டு ஊர் போய்விட்டது. 815ஆம் ஆண்டிலேயே பேசப்படும் பழைய தேவாலயம் மட்டும் மிஞ்சியது. டிம் உல்ரிக்ஸ் என்ற கலைஞர் 2006இல் அதே தேவாலயத்தைப் போல இன்னொன்றை, பாதி குன்றுக்குள் புதைந்தபடி கட்டி வைத்திருக்கிறார். நிஜக் கோயில் ஒரு பக்கம், மண்ணில் முழுகும் கோயில் ஒரு பக்கம். “இந்த ஊர்க்காரங்க எங்க போனாங்க?” என்று குழந்தை கேட்டது. குப்பைக்கென்று ஒரு வெற்றிடம் எங்கும் கிடையாது, அது எப்போதும் யாரோ ஒருவரின் ஊர்தான் என்று சொன்னேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

இப்போது இங்கே அப்படிக் கொட்ட முடியாது. 2005 ஜூன் முதல் வீட்டுக் குப்பையை அப்படியே கொண்டுபோய் நிலத்தில் கொட்ட ஜெர்மனி முழுவதும் தடை. காய்கறித் தோலுக்குப் பழுப்புத் தொட்டி, காகிதத்துக்கு நீலம், எதிலும் சேராத மிச்சத்துக்குச் சாம்பல் நிறம். இந்த நகரத்தில் கட்டணம் அந்த மிச்சக் குப்பைத் தொட்டியின் அளவை வைத்துத்தான். மற்ற இரண்டுக்கும் தனிக் காசு கிடையாது. பிரிக்கப் பிரிக்கச் சாம்பல் தொட்டி சிறியதாகும், செலவும் குறையும். கண்ணாடியை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தெருமுனைப் பெட்டிகளில் போட வேண்டும். நீலப் புட்டி பச்சையோடு சேரும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடக் கூடாது. உடையும் சத்தத்தில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடும். தீர்ந்த பேட்டரியை வாங்க, பேட்டரி விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. காலாவதியான மாத்திரையைக் கழிவறையில் கொட்டக் கூடாது, ஏனென்றால் கழிவுநீர் நிலையத்தால் மருந்தை முழுவதும் பிரித்தெடுக்க முடியாது. அது ஆற்றுக்குப் போகும். மிச்சக் குப்பையோடு போட்டால் உலையில் எரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது ஒரு பழக்கம். 2003 முதல் இங்கே தூக்கியெறியும் பானப் புட்டிகளுக்கும் டப்பாக்களுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். ஓய்வூதியம் போதாத முதியவர்கள் பலர் தெருவில் புட்டி பொறுக்குகிறார்கள். அவர்கள் தொட்டிக்குள் கை விட்டுத் துழாவ வேண்டாம் என்று, பூங்காவில் குடிப்பவர்கள் காலிப் புட்டியைத் தொட்டிக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். வாயால் சொல்லாத ‘கை பத்திரம்’ அது. நம் நீலகிரியிலும் 2022இல், உயர்நீதிமன்றம் சொன்னதன்பேரில், டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுக்கத் தொடங்கினார்கள். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழித்தது. அங்கே அடுத்த கையாக வந்தது யானையின் பாதம்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. பிரிப்பதில் கெட்டிக்காரர்கள், குறைப்பதில் இல்லை. பொட்டலமும் அட்டையும் நெகிழி உறையுமாக ஜெர்மனியில் ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோவுக்கு மேல் சேர்கிறது. அம்மா வீட்டில் ஒரு மாதத்துக்கு ஒரு கைப்பிடி நெகிழி சேர்ந்ததில்லை. தூக்குவாளியில் எண்ணெய், துணிப்பையில் காய், சாணமும் தோலும் எருக்குழிக்கு. இரண்டு ஊரின் நல்லதும் ஒரு வீட்டில் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குப்பையைப் பிரித்துக் கொடுக்கத்தான் நம் நாட்டுச் சட்டமும் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டோடு நிற்கவில்லை. வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவதையும் தனியே பிரித்துக் கொடுக்கச் சொல்லின. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி, டியூப் லைட், தீர்ந்த பேட்டரி, காலாவதியான மருந்து, ஊசி, உடைந்த பாதரசத் தர்மாமீட்டர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பச்சை வாளியும் நீல வாளியும் நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதை இன்னும் நாம் பழகவில்லை.

ஆகவே அக்கா, எனக்காக ஒரு காரியம் செய். மாமாவின் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஒன்றையும் மூடி போட்ட பெயின்ட் டப்பா ஒன்றையும் எடுத்து வை. மாமா சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் ஊசிகளைப் பாட்டிலில் போட்டு மூடு. அவை ஒரு நாளும் காய்கறித் தோலோடு போகக் கூடாது. ரிமோட் பேட்டரி, டார்ச் பேட்டரி, காலாவதி மாத்திரை எல்லாம் டப்பாவுக்கு. உப்பிய செல்போன் பேட்டரியைக் குப்பையில் போடாதே. வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காமல் புதிது வாங்கும் கடையிலேயே கொடு. எங்கோ ஒரு கொட்டகையில் அந்த ஈயத்தை உருக்கும் புகை ஒரு குழந்தையின் மூச்சுக்குத்தான் போகும். ஒயரையும் நெகிழியையும் கொல்லையில் எரிக்காதே. கழிவறைக்கு ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேல், வாங்கும்போதே கொஞ்சமாக வாங்கு. சுவருக்கு ஒரு லிட்டர் போதுமென்றால் நான்கு லிட்டர் டப்பா வேண்டாம். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடு. வாங்காத விஷத்தைப் பிரிக்க வேண்டியதில்லை.

பேரூராட்சியில் அபாயக் கழிவை எந்த நாளில், எங்கே வாங்குகிறார்கள் என்று கேள். பதில் இல்லையென்றால் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கேள். இங்கே விஷ வண்டி வருவதும் ஊரார் கேட்டு, சட்டம் எழுதி, காசு ஒதுக்கியதால்தான்.

காலையில் தள்ளுவண்டியோடு நம் வாசலுக்கு வருகிற அந்த அம்மாவுக்கு இன்றுவரை நீ என்ன கொடுத்தாய் என்று யோசித்துப் பார். வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடாதே. மூன்றையும் நீயே கையில் எடுத்துப் போ. இதில் ஊசி இருக்கிறது, இதில் கண்ணாடி இருக்கிறது என்று சொல். அம்மா சொன்ன அதே சொல்லோடு கொடு. அதைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தம்பி