அச்சும் இருசும்: ஒரு பழைய அம்பாசடரின் பின்பாகம் குறித்து

என் தந்தையார் 1991இல் ஐதராபாத்தில் பதிவுசெய்த அம்பாசடரின் பின் அச்சு தேய்ந்துவிட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊளை எழுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுருதி மாறுகிறது. அப்படி மாறுமானால் பழுது சக்கர பேரிங்கில் இருக்க வாய்ப்புக் குறைவு, கிரௌன்–பினியன் பற்களைத்தான் ஐயுற வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் ஒலியியல். பதினைந்தாண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வாண்டு அதன் முறை. தேறாவிட்டால் எடைக்குத்தான் போட வேண்டும். முழங்கால் வலி வந்தபின் தந்தையார் பிறர் கை பிடிக்காமல் ஏறி இறங்கும் ஒரே வண்டி இது.

காண்டெஸாவின் அச்சைப் பொருத்தச் சொன்னார் நண்பர் ஒருவர். அதுவும் உத்தர்பாரா ஆலையில் பிறந்ததே. ஆயினும் அது சுருள்வில்லுக்கு அமைந்தது. அம்பாசடரில் இருப்பது பட்டை ஸ்பிரிங். வெட்டி ஒட்டாமல் அமராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நினைவுக்கு வந்ததும் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அடுத்தது ராணிகஞ்சில் கிடைக்கும் பழைய அச்சு. 2014இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு உதிரி பாகம் கிடைப்பதே பேறு. ஆனால் உள்ளிருக்கும் பல்விகிதத்தை வெளித்தோற்றம் சொல்லாது. ஒரு சக்கர முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பினியன் எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணே விகிதம். 8க்கு 39 பற்கள் என்றால் 4.875; 9க்கு 41 என்றால் ஏறத்தாழ 4.56. முன்னதன் இடத்தில் பின்னதை வைத்தால் அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ ஆறரை விழுக்காடு மெதுவாகச் சுழலும். நெடுஞ்சாலையில் சுகம்; ஏற்றத்தில் திணறும். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து இயங்குவதால் உண்மை வேகத்தைக் குறைத்தும் காட்டும். தந்தையார் அந்த முள்ளை நம்பி ஓட்டுபவர்.

எண்ணிக்கொண்டிருக்கையில் கடை முதியவர் உதவியாளிடம் ‘இருசு’ என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். தெலுங்கிலும் தமிழிலும் வண்டியச்சுக்கு உரிய திராவிடச் சொல் அது. நம் பட்டறைகளில் நான் அதைக் கேட்டதில்லை. ‘அச்சு’ வடமொழி ‘அக்ஷ’ வழி வந்தது என்பர். ஆங்கில ‘ஆக்சி’லும் அந்த ‘அக்ஷ’வும் ஒரே மூலத்தின் கிளைகள். ‘அச்சாணி’யை அச்சென்றே எழுதுவோர் பலர், அது சக்கரம் கழலாமல் காக்கும் ஆணி மட்டுமே.

பழைய அச்சை வாங்கவில்லை. எண்ணிய விகிதம் எங்கள் வண்டியின் விகிதம் அன்று. எங்கள் வண்டியின் டயர்கள் சீராகத் தேய்ந்திருப்பதால் ஹவுசிங் வளைந்திருக்க வாய்ப்பில்லை. அதை வைத்துக்கொண்டு புதிய கிரௌனும் பினியனும் வாங்கினேன். இரண்டையும் ஒருசேரத் தேய்த்துப் பழக்கி இணையாகவே விற்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை திரும்பும். இரண்டிலும் ஒரே இணை எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுத்தேன்.

நாளை பற்களில் நீலம் பூசிச் சுற்றிப் பார்ப்போம். தடம் பல்லின் நடுவில் விழும்வரை ஷிம் மாற்ற வேண்டும். தந்தையாரும் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆட்டோவில்.