பாதியில் நின்ற யுத்தம்

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் தட்டில் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா இருக்கிறது. அதற்குள் பஞ்சு வைத்து நாலு கப்பல்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம் இருக்கும். பிளாஸ்டிக்கில் செய்தவை. ஏர்க்கொழுவைப் போல முன்புறம் கூரான மூக்கு. முதுகின்மேல் மாதா கோவில் கோபுரங்கள். இவை தண்ணீரில் மிதக்கிற கப்பல்கள் அல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவே நின்று சண்டை போடுகிற ஆகாயக் கப்பல்கள்.

"அந்த நாலையும் எடுத்து எங்கேயாவது போட்டால் முறுக்கு வைக்க ஒரு டப்பா கிடைக்கும்" என்று என் மனைவி தீபாவளிக்குத் தீபாவளி சொல்லி வருகிறாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2024 ஜனவரியில் ஒரு நாள் என் மகள் கைப்பேசியை நீட்டி, "அப்பா, உங்க விளையாட்டைத் திரும்பவும் கொண்டுவந்துட்டாங்களாம்!" என்றாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். வந்திருந்தது என் விளையாட்டு அல்ல, அதன் அண்ணன். ஆனாலும் அன்று இரவு டப்பாவைத் திறந்து நாலு கப்பல்களையும் மேஜைமேல் நிறுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தைந்து வயது ஆசாமிக்கு இது என்ன பைத்தியம் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2002-ம் வருஷக் கடைசி. கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு நிறுத்திவிட்டு, கதை எழுதப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்த காலம். என் தாய்மாமா இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தைவிட்டு அதிகம் நகராத எங்கள் ஆச்சிக்கு, மகன் குடித்தனம் செய்வதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தனியாக அனுப்ப முடியாது. வீட்டில் வேலை இல்லாத ஒரே பிரகிருதி நான்தான். ஆகவே ஆச்சிக்குத் துணையாக ஆறு மாத விசாவில் விமானம் ஏறினேன்.

அந்த ஊரில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மாமாவும் அத்தையும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஆச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமாவின் பையனுக்கு அப்போது பதினொரு வயது. பெயர் வேண்டாம், அந்த வீட்டாரைப் பற்றி முன்பு ஒரு தடவை எழுதப் போய்த்தான் வினை வந்தது. அவனுக்குத் தமிழ் அரைகுறை; எனக்கு ஆங்கிலம் அரைகுறை. முதல் வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததைத் தவிர வேறு சம்பாஷணை கிடையாது.

பிறகு அவன் பிறந்தநாளுக்கு மாமா ஒரு பெரிய அட்டைப் பெட்டி வாங்கி வந்தார். "பேட்டில்ஃப்ளீட் கோதிக்" என்று மேலே போட்டிருந்தது. அதே நாட்டிங்காமில் தலைமையகம் வைத்திருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 1999-ல் வெளியிட்ட விளையாட்டு. பெட்டிக்குள் எட்டுப் பெரிய கப்பல்கள்: நாலு சாம்ராஜ்யக் கட்சி, நாலு கலகக் கட்சி. எல்லாம் துண்டு துண்டாக இருந்தன. கத்தரித்து, ஒட்டி, வர்ணம் பூசி, கண்ணாடி போன்ற சிறு காம்பின்மேல் நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கே பத்து நாள் ஆயிற்று. அதற்குள் அவன் "அத்தான்" என்று கூப்பிடப் பழகிவிட்டான். ஆச்சி சொல்லிக்கொடுத்தது.

விளையாட்டு எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. மேஜை முழுவதும் ஆகாயம். அளவு நாடாவை வைத்து சென்டிமீட்டர் கணக்கில் கப்பலை நகர்த்த வேண்டும். பெரிய கப்பல், தனி உத்தரவு இல்லாமல் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. ஒவ்வொரு முறையும் தன் வேகத்தில் பாதி தூரமாவது முன்னே போயே தீர வேண்டும். திரும்புவதென்றால் முதலில் 10 சென்டிமீட்டர் நேரே போய், அதன் பிறகு 45 டிகிரி திரும்பலாம். உத்தரவு போடுவதற்கும் இரண்டு பகடை உருட்டிக் கப்பல் தலைவன் கீழ்ப்படிகிறானா என்று பார்க்க வேண்டும். ஒருவன் மறுத்துவிட்டால் அந்த முறை வேறு எவனுக்கும் உத்தரவு போட முடியாது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இந்த விதி உடனே புரிந்துவிட்டது.

எல்லாவற்றிலும் விசேஷம் டார்ப்பிடோ. அதை ஏவிவிட்டால் ஒரு முறைக்கு 30 சென்டிமீட்டர் வீதம் நேரே போய்க்கொண்டே இருக்கும். எதிரிக் கப்பல் விலகிக்கொண்டு, நம் கப்பல் குறுக்கே வந்தால் அதையும் அடிக்கும். ஏவியவன் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இராச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து ஒரு கறுப்புத் துணி விரிப்போம். நான் சாம்ராஜ்யம், அவன் கலகம். அரைகுறைத் தமிழும் அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்து எங்களுக்கு ஒரு முழு பாஷை கிடைத்துவிட்டது. ஆச்சி ஜன்னலை விட்டுவிட்டு எங்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். பகடை உருளும்போதெல்லாம், "தாயம் விழுந்துதா?" என்று கேட்பாள். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சாப்பிட்டு முடித்து, ஒரு சிறு கிண்ணத்தில் விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி எடுத்து வருவார். தரையில் உட்கார்ந்து, குளிரில் வெடித்திருந்த ஆச்சியின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவார். தேய்த்தபடியே மேஜையை எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, எம் மகன்கிட்ட இன்னைக்கும் தோல்விதானா?" என்பார். தோல்விதான்.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின இரவு ஒரு யுத்தம் ஆரம்பித்தோம். பாதியில் அத்தை விளக்கை அணைத்துவிட்டாள். விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அடுத்த முறை அவனுடையது. காலையில் அவன் என் நாலு கப்பல்களையும் ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தான்.

"அத்தான், இதை நீங்க வச்சுக்கோங்க. அடுத்த தடவை வரும்போது கொண்டாங்க. அப்பத்தான் வருவீங்க."

நான் போகவில்லை.

பெரியவர்கள் பொம்மைப் போர் ஆடுவது கேலிக்குரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்கிறேன். "புதையல் தீவு" எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், 1880-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊரில் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்தபோது, மனைவியின் முதல் தாரத்து மகனான லாயிட் ஆஸ்போர்னோடு பரணில் ஈயச் சிப்பாய்களைப் பரப்பி யுத்தம் நடத்தினார். எச்.ஜி. வெல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 1913-ல் "லிட்டில் வார்ஸ்" என்று விதிப் புத்தகமே போட்டுவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. என்னைவிட ஒரு வயது மூத்தவர். அசல் யுத்தத்தைவிடப் பொம்மை யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே உலகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. நாவலாசிரியர்களுக்கு ஏன் இந்தச் சபலம் என்று யோசித்திருக்கிறேன். எழுதும்போது இரண்டு கட்சியையும் நாமே நகர்த்துகிறோம். இங்கே எதிர்க்கட்சிக்கு ஓர் அசல் ஆள் இருக்கிறான். அவன் நாம் நினைத்தபடி நகரமாட்டான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

அந்த மருந்து எனக்குப் போதவில்லை என்பதற்கு இனிச் சொல்லப் போவதே சாட்சி.

ஆச்சி 2005-ல் காலமானாள். இரண்டு வருஷம் கழித்து நான் ஒரு கதை எழுதினேன். வெளிநாட்டில் மகன் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவி. அவளோடு பேச நேரமில்லாத மகன். கதை நன்றாக அமைந்துவிட்டது. படித்துக் கண்ணீர் விட்டதாக வாசகர்கள் எழுதினார்கள். யாரோ புண்ணியவான் அந்தப் பத்திரிகையை மாமாவுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் வந்தது.

"கதை படிச்சேன், மாப்ளே. நல்லா வந்திருக்கு. எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் எங்கே வச்சே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. ஊர் நிலவரம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. எனக்கும் கூப்பிடத் தைரியம் வரவில்லை. கதையில் நான் எழுதிய எதுவும் பொய் அல்ல. ஆச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நிஜம். ஆனால் எண்ணெய்க் கிண்ணம் உள்ளே வந்தால் அந்தக் கதை நடக்காது. அது எனக்கு எழுதும்போதே தெரியும். தெரிந்துதான் எடுத்து வெளியே வைத்தேன். டார்ப்பிடோ நேரே போயிற்று. என் கப்பலைத்தான் அடித்தது.

இதற்கிடையில் 2013 வாக்கில் அந்த விளையாட்டும் விற்பனைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. 2016-ல் அதே பெயரை வைத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று வந்தது. என் மகள் அதைத் திரையில் போட்டுக் காட்டினாள். கப்பல்கள் ஜோராகத்தான் போயின. ஆனால் எதிரே நாற்காலி இல்லை.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. அதே கம்பெனி கைவிட்டிருந்த "பிளட் பௌல்" 2016-ல் திரும்பி வந்தது. "நெக்ரோமுண்டா" 2017-ல் வந்தது. 1983-ல் பிறந்து 2015-ல் நிறுத்தப்பட்ட பழைய "வார்ஹாமர்" போர் விளையாட்டு 2024-ல் "தி ஓல்ட் வேர்ல்டு" என்ற பெயரோடு வந்தது. என் மகள் காட்டியது அதைத்தான். அது வந்ததும் பல வீடுகளில் பரணில் கிடந்த படைகள் தூசி தட்டப்பட்டு மேஜைக்கு வந்திருக்கின்றன. என் கப்பல்களின் முறை, இதை எழுதும் வரையில் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன். கம்பெனியாருக்கு என்னுடைய விண்ணப்பம் ஒன்றுதான்: கப்பல்களின் அளவைப் பெரிதாக்கிவிட வேண்டாம். என்னுடைய நாலுக்கும் புது மேஜையில் இடம் வேண்டும்.

கொஞ்ச நாள் வரைக்கும், விளையாட்டு திரும்பி வந்தால் அதையே சாக்காக வைத்துப் பையனுக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்போது அவனுக்கு முப்பது வயதுக்கு மேல். அவனுடைய நாலு கப்பல்களை வைத்திருக்கிறானோ, யாருக்காவது கொடுத்துவிட்டானோ! பிறகு ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. விதிகள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. அளவு நாடா மனைவியின் தையல் பெட்டியில் இருக்கிறது. பகடை எங்கேயும் கிடைக்கும். இதற்குக் கம்பெனியின் தயவு எதற்கு?

பையனுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் மாமா வாசிப்பார். என் எழுத்து எது வந்தாலும் யாராவது ஒரு புண்ணியவான் அவருக்கு அனுப்பி வைக்காமல் இருப்பதில்லை. ஆகவே அவருக்கு இரண்டு வார்த்தை.

மாமா, எண்ணெய்க் கிண்ணத்தை இந்தக் கட்டுரையில் வைத்திருக்கிறேன். பதினேழு, பதினெட்டு வருஷம் தாமதம்தான். நாலு கப்பல்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று பையனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அவனுடையது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.