ஒரு ஷூ லேஸ் முடிச்சு

1/ ஷூ லேஸ் பத்தி ஒரு த்ரெட். சிரிக்காதீங்க. ஒரு லேஸ் முடிச்சால ஒருத்தர் காலே போகப் பார்த்துச்சு. அதுல என் தப்பும் இருக்கு.

2/ அவர் மாமல்லபுரத்துல ஒரு சிற்பக் கூடத்துக்கு வாட்ச்மேன். வயசு அறுபதுக்கு மேல. இளம் வயசுல தொழுநோய் வந்து, கூட்டு மருந்து சாப்பிட்டு முழுசா குணமானவர். கிருமி போயிடுச்சு. ஆனா அது கெடுத்த நரம்பு திரும்பி வரல. ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி கிடையாது.

3/ உள்ளங்கால்ல கல் சில்லு குத்தின புண்ணோட ஓ.பி.க்கு வந்தார். வலியே தெரியல, ரத்தத்தைப் பார்த்துதான் வந்திருக்கார். கட்டுப் போட்டு, ஆறினதும் "ஐயா, இனிமே ரப்பர் செருப்பு வேணாம், மூடின ஷூ போடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மொத்தமே ரெண்டு நிமிஷம். பின்னாடி பெரிய வரிசை.

4/ ஒரு மாசம் கழிச்சுப் பேத்தியோட வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த புது ஸ்போர்ட்ஸ் ஷூ. கழட்டச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பேத்திதான் கீழ உட்கார்ந்து இழுத்துப் பார்த்தா. முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. கடைசியில சிஸ்டர் கத்தரிக்கோலால வெட்டினாங்க. மேல்பாதத்துல லேஸ் அழுத்தின இடமெல்லாம் புண். சீழ் வேற.

5/ "காலைல நான்தான் சார் கட்டிவுடுவேன். அவுந்துடக் கூடாதுன்னு ரெண்டு முடிச்சு. ஸ்கூல் விட்டு வந்து அவுத்துவுடுவேன்"னா அந்தப் பொண்ணு.

அப்பத்தான் அவர் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் உள்பக்கமா மடங்கியிருக்கு. அதே நோய் கை நரம்பையும் கெடுத்திருக்கு. நான் காலை மட்டும் பார்த்தேன், கையைப் பார்க்கல.

6/ சாயங்காலம் ஆனா பாதம் லேசா வீங்கும். நமக்கு இறுக்கம் தெரியும், லேஸைத் தளர்த்திக்குவோம். அவருக்கு இறுக்கமும் தெரியாது, தளர்த்தக் கையும் உதவாது.

7/ 'தொழுநோய் வந்தா கால் அழுகிடும்'னு ஒரு காலத்துல நம்பினாங்க. அழுகறது நோயால இல்ல, வலி தெரியாம திரும்பத் திரும்பப் படற காயத்தாலன்னு காட்டினவர் வேலூர் சி.எம்.சி.யில வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். அதனாலதான் செருப்பே மருந்தாச்சு. உள்ளே மெத்துனு எம்.சி.ஆர். ரப்பர், அடியில கெட்டியான ரப்பர், பின்னாடி வார். ஆணி அடிக்கவே கூடாது.

8/ அதுல லேஸ் இருக்காது. வெல்க்ரோ பட்டை. 1941ல சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாய் ரோமத்துல ஒட்டின முள்காயை மைக்ரோஸ்கோப்ல பார்த்துக் கண்டுபிடிச்சது. நம்ம ஊர்ல நாயுருவி வேட்டியில ஒட்டுமே, அதே மாதிரி. ஒரு பக்கம் குட்டிக் கொக்கி, மறுபக்கம் நூல் வளையம். முடிச்சே கிடையாது. மடங்கின விரலாலயும் இழுத்துடலாம்.

9/ கொடுமை என்னன்னா, இதுக்கு நாங்க தூரம் போக வேண்டியதே இல்ல. செங்கல்பட்டு திருமணியில 1955லேர்ந்து மத்திய தொழுநோய் நிறுவனம் இருக்கு. எம்.சி.ஆர். செருப்பு அரசுத் திட்டத்துல இலவசம். நான் ஒரு சீட்டு எழுதியிருந்தா முதல் நாளே வேலை முடிஞ்சிருக்கும்.

10/ புண் ஆற ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்போ வெல்க்ரோ செருப்புதான். ஒரு தடவை வந்து "சார், ஒட்ட மாட்டேங்குது"ன்னார். கொக்கியில பூரா கடற்கரை மணலும் நூலும். பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் காட்டினேன். அடுத்த தடவை அவரே தேய்ச்சுட்டு வந்து, உட்கார்ந்து, பட்டையைச் சர்ருனு இழுத்துக் கழட்டினார். பேத்தி கூட வரல. "அது ஸ்கூலுக்குப் போயிருக்கு சார்."

11/ வீட்ல ரொம்ப நாளா சுகர் இருக்கற அம்மா அப்பா இருந்தா, அவங்களுக்கும் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். லேஸ் ஷூ வாங்கிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, உங்க முன்னாடியே போட்டுக் கழட்டச் சொல்லுங்க. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க. மேல, கீழ, விரல் இடுக்கு எல்லாம். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. சிகிச்சை இலவசம், சீக்கிரம் வந்தா கையும் காலும் தப்பிக்கும்.

நான் இப்போ எந்தக் கால் புண்ணுக்கும் முதல்ல கையைத்தான் நீட்டச் சொல்றேன்.