மடையும் கணுவும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர், மழையை நம்பி வாழும் சீமையைச் சேர்ந்த ஊர். அச்சீமையின் பழைய கண்மாய்கள் பலவற்றுள் இரு கல்தூண்கள் நீருக்குமேல் இணையாக நிற்கக் காணலாம். அவை குமிழித் தூம்பின் அடையாளங்கள். அடைகல்லைத் தூக்கினால் மேலுள்ள நீரோடித் துளைவழியே நீரும், அடியிலுள்ள சேறோடித் துளைவழியே வண்டலும் வெளியேறும். நீர்மட்டத்தைக் காண்பதும், அளவறிந்து திறப்பதும், உரிய வேளையில் அடைப்பதும் மடைகாப்போர் பொறுப்பு.

கீரனூருக்கு வடக்கே, திருவெறும்பூரில், பாரத மிகுமின் நிறுவனம் அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்களைச் செய்கிறது. கொதிகலனின் நீராவி உருளையிலும் நீர்மட்டமே உயிர்நாடி. மட்டம் தாழ்ந்தால் குழாய்கள் வெந்து பிளக்கும். மிகுந்தால் நீராவியோடு நீரும் சென்று சுழலியைச் சிதைக்கும். கண்மாய் நாள்கணக்கில் வற்றும், உருளையோ காத்திருப்பதில்லை. எனவே அங்கு மடைகாப்போரின் வேலையைக் கணினிகள் பல பகிர்ந்துகொள்கின்றன. வலைப்பின்னலில் இணைந்த அவை ஒவ்வொன்றும் ‘கணு’ எனப்படும். கரும்பறிந்த நாட்டார்க்கு இச்சொல் புதிதன்று.

முற்காலத்தில் ஆலை முழுவதையும் ஒரே கணினியிடம் ஒப்படைத்தனர். அது நின்றால் அனைத்தும் நின்றன. 1975இல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் பகிர்ந்தமை கட்டுப்பாட்டு முறையை அறிமுகம் செய்தன. அம்முறையில் முதன்மையானது கட்டுப்பாட்டுக் கணு. உணரிகள் தரும் அளவை நொடிக்குப் பலமுறை படித்து, வால்வைத் திறக்கவோ மூடவோ ஆணையிடுவது அது. மற்றவை ஓய்ந்தாலும் அது ஓயலாகாது. ஆகவே இன்றியமையா இடங்களில் அதற்கு ஓர் இரட்டையை வைப்பர். மனிதர் அமர்ந்து பார்ப்பது இயக்குநர் கணு. அதன் திரை அணைந்தாலும் ஆலை சிறிதுநேரம் தானே நடக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். கடந்தகால அளவுகளைச் சேமிப்பது வரலாற்றுக் கணு. விபத்துக்குப்பின் முதலில் தேடப்படுவது அதுவே. கட்டுப்பாட்டு விதிகளை எழுதவும் மாற்றவும் பொறியியல் கணு உண்டு. வெளி வலைப்பின்னலோடு இணைப்பது வாயிற்கணு.

இத்தகைய பிணைப்புக்கே உரிய ஆபத்தும் உண்டு. 2000ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரக் கழிவுநீர் அமைப்பில், மனக்கசப்புற்ற முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் கொண்டு, நீரேற்று நிலையக் கணு ஒன்றைப்போல் வேடமிட்டு ஆணைகள் அனுப்பினார். ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. எந்திரங்களில் பழுதில்லை. ஆணையிடுவது யார் என வினவும் வழக்கமே அக்கணுக்களுக்கு இல்லை.

கண்மாயில் வேற்றாள் அடைகல்லைத் தூக்கினால், கரையில் நிற்பவர் கண்டு கூவுவர். வலைப்பின்னலுக்குக் கரையில்லை. அதனால்தான் பல ஆலைகளில் வாயிற்கணுவழியே அளவுகளை வெளியே படிக்க விடுகின்றனர். உள்ளே ஆணையிட விடுவதில்லை. விதிகளை மாற்றும் பொறியியல் கணுவோ பூட்டிய அறையில் இருக்கிறது.