திரைக்குப் பின்னால் ஒரு காவல்

நாடகம் ஒன்று நிறைவுற்றதும் எழுகின்ற கைதட்டல் நடிகருக்கு உரியது. இயக்குநருக்கும் இசைக் கலைஞருக்கும் ஒளி அமைத்தவருக்கும் அதில் ஒரு பங்கு சேரும். ஆனால், அந்நாடகத்தை நடத்தும் அறநிறுவனத்தின் பொறுப்பை ஏற்று, ஊதியம் ஏதுமின்றி, கணக்கேடுகளோடு மாலைப் பொழுதுகளைக் கழிக்கின்ற சிலரும் உண்டு. அவர்களை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. அழைக்க வேண்டியதும் இல்லை. ஆயினும், அவர்கள் கடமையில் தவறினால் திரை ஒருநாள் எழாமலே போய்விடும். அறங்காவலர் என்று எழுத்து வழக்கிலும், தர்மகர்த்தா என்று பேச்சு வழக்கிலும் நாம் குறிப்பிடும் அவர்களைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

இலண்டன் மாநகரில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், சிறியதொரு நாடக அறநிறுவனத்தில் நான் அறங்காவலராகச் சேர்ந்தேன். மறதி நோயுற்ற முதியோர் வாழும் இல்லங்களுக்குச் சென்று, அவர்கள் நடுவிலேயே நடித்துக் காட்டுவது அதன் பணி. மேடையும் இல்லை, திரையும் இல்லை. வட்டமாக இட்ட நாற்காலிகளும், பழைய காலத்துப் பொருள்கள் நிறைந்த ஒரு பெட்டியுமே அரங்கம்.

நாடகத்தால் நோய் தீருமா என்று நீங்கள் வினவலாம். மறதி நோய்க்கு நாடகம் மருந்தன்று. ஆனால், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத மூதாட்டி ஒருவர், நடிகை ஒருத்தி துணி தேய்க்கும் பழைய பலகையை எடுத்துத் தேய்த்துக் காட்டியபோது, “அப்படியன்று, இப்படி” என்று கை நீட்டி அதனை வாங்கித் தாமே தேய்த்ததை நான் கண்டேன். நோய் அவரை விட்டு அகலவில்லை. எனினும், அந்த அரைமணி நேரம் அவர் பிறருடைய உதவியை எதிர்நோக்கும் நோயாளியாக இல்லை. பிறருக்குக் கற்பிப்பவராக இருந்தார்.

இத்தகைய பணி பிரித்தானியாவில் நேற்று முளைத்ததன்று. 1979-ஆம் ஆண்டில் யார்க்‌ஷயரில் உள்ள ஆஸ்கம் கிரேஞ்ச் சிறையில் இருந்த இரு பெண்கள் தொடங்கிய நாடகக் குழுவே ‘கிளீன் பிரேக்’. சிறைப்பட்ட பெண்களின் வாழ்வை அது மேடைக்குக் கொணர்ந்தது. 1983-இல் இலண்டனில் தோன்றிய ‘ஏஜ் எக்ஸ்சேஞ்ச்’, முதியோரின் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்து, அவற்றையே நாடகமாக்கி அவர்கள்முன் நடித்தது. 1991-இல் பிறந்த ‘கார்ட்போர்ட் சிட்டிசன்ஸ்’, வீடற்றோருக்காகவும் வீடற்றோரைக் கொண்டும் நாடகம் நடத்தி வந்துள்ளது. 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நலம் பேணுவதிலும் நோயுற்றோரைப் பராமரிப்பதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று காட்டிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை, தனிமையாலும் மனச்சோர்வாலும் வாடுவோரைக் கலைக்குழுக்கள் போன்றவற்றோடு இணைத்துவிடும் பணியாளர்களை மிகுதியாக அமர்த்தத் திட்டமிட்டது.

இப்பணிகளுக்குப் பின்னால் ஓர் ஆசான் உண்டு. பிரேசில் நாட்டின் அகஸ்டோ போவால் 1931-இல் பிறந்தவர். இராணுவ ஆட்சியினரால் 1971-இல் கைது செய்யப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளாகி, நாடு கடந்து வாழ்ந்து, பின்னர்த் தாயகம் திரும்பி, 2009-இல் மறைந்தார். அவர் வகுத்த முறை எளியது. ஒடுக்கப்பட்ட ஒருவரின் கதை முதலில் நடித்துக் காட்டப்படும். அது துன்பத்திலேயே முடியும். பின்னர் மீண்டும் தொடக்கத்திலிருந்து நடிக்கப்படும். இம்முறை பார்வையாளரில் எவரும் “நிறுத்துங்கள்” என்று குரல் கொடுக்கலாம். குரல் கொடுத்தவர் எழுந்து வந்து, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று, வேறு வழி ஒன்றை முயன்று காட்ட வேண்டும். ‘கார்ட்போர்ட் சிட்டிசன்ஸ்’ பின்பற்றியதும் இம்முறையையே.

அறங்காவலரின் பணியும் இதுவே என்பது என் எண்ணம். எல்லாரும் ஆர்வத்தோடு முன்னே ஓடும்போது, “சற்று நிறுத்துங்கள்; இது எங்கே போய் முடியும்?” என்று கேட்க வேண்டியவர் அவர். கேட்டுவிட்டு அமர்ந்திருந்தால் போதாது. மாற்று வழியைக் காட்டவும் வேண்டும்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. அறக்கொடைகள் வழி தவறாமல் காக்க, 1601-லேயே முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1853-இல் அறநிறுவன ஆணையம் ஏற்பட்டது. 2011-ஆம் ஆண்டின் சட்டமும், அதனைத் திருத்திய 2022-ஆம் ஆண்டின் சட்டமும் இப்போது வழிகாட்டுகின்றன. நிறுவனத்தின் நோக்கம் நிறைவேறுகிறதா என்று அறங்காவலர் பார்க்க வேண்டும். அதன் சாசனத்துக்குக் கட்டுப்பட வேண்டும். சொந்த ஆதாயத்தையோ நட்பையோ நோக்காது நிறுவனத்தின் நலனையே நோக்க வேண்டும். பணத்தைப் பொறுப்போடு ஆள வேண்டும். தமக்குள்ள அறிவையும் திறனையும் செலுத்த வேண்டும். பொதுமக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர்களுடைய பெயர்கள் ஆணையத்தின் பதிவேட்டில் எவரும் காணுமாறு உள்ளன. இத்தனைக்கும் பொதுவாக ஊதியம் இல்லை. பயணம் முதலிய செலவுகளை மட்டும் பெற்றுக்கொள்ளலாம்.

நல்ல மனம் மட்டும் போதாதா என்பவர்கள் ‘கிட்ஸ் கம்பெனி’ என்னும் அறநிறுவனத்தின் கதையை அறிதல் நன்று. நாடகக் குழுவன்று அது. துன்புற்ற சிறுவர்க்கும் இளைஞர்க்கும் உணவும் ஆலோசனையும் கலைவழி ஆறுதலும் அளிக்க 1996-இல் தோன்றியது. அரசிடமிருந்து மட்டும் பல கோடி பவுண்டு மானியம் பெற்றது. எனினும், நெருக்கடி நேர்ந்தபோது தாங்கிக்கொள்ளப் போதிய சேமநிதி அதனிடம் இல்லை. 2015-ஆம் ஆண்டு கோடையில் அதன்மீது குற்றச்சாட்டுகள் எழ, நன்கொடைகள் நின்றன. ஆகஸ்ட் மாதத்தில் கதவுகள் மூடப்பட்டன. அக்குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை என்று காவல்துறை பின்னர்க் கைவிட்டது. அதன் அறங்காவலரைப் பதவிகளுக்குத் தகுதியற்றவராக்க வேண்டும் என்ற வழக்கை 2021-இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து, அவர்களுடைய ஈடுபாட்டைப் பாராட்டவும் செய்தது. ஆயினும், ஊழியருக்கும் வரித்துறைக்கும் உரிய பணத்தைக் காலத்தில் செலுத்தத் தவறியது நிர்வாகக் குறையே என்று 2022-இல் ஆணையம் தன் அறிக்கையில் கூறிற்று. நேர்மையானவர்கள் நடத்திய நிறுவனமும் விழக்கூடும். விழுந்தபோது தெருவில் நின்றவர் அறங்காவலர் அல்லர். அங்கே அன்றாடம் உணவு உண்ட சிறுவரே.

எங்கள் சிறு நிறுவனத்துக்கும் ஒரு சோதனை வந்தது. உள்ளாட்சி அமைப்பு ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்த மானியம் நின்றது. கையில் இருந்த சேமநிதி மூன்று மாதச் செலவுக்கே போதுமானது. நடிகர் ஏழு இல்லங்களுக்குச் சென்று வந்தனர். அப்போது எங்களிடம் இன்னொரு பணமும் இருந்தது. மறைந்த தாயின் நினைவாக ஒரு குடும்பம், அவர் வாழ்ந்த இல்லத்து முதியோருக்கென்றே கொடுத்த நன்கொடை அது. அதிலிருந்து ஒரு மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு, புதிய மானியம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றார் இயக்குநர். அவருடைய நோக்கத்தில் களங்கம் இல்லை. ஏழு இல்லங்களில் ஒன்றையும் விடக்கூடாது என்பதே அவர் தவிப்பு.

எங்கள் பொருளாளர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். “அந்த மானியம் வராவிட்டால்?” என்று மட்டும் கேட்டார். அறையில் அமைதி நிலவியது. எனக்கோ மருத்துவமனை நினைவுக்கு வந்தது. ஒரு நோயாளியின் பெயர் எழுதிய மருந்தை, அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு அவசரம் என்பதற்காக எடுத்துக் கொடுக்கச் செவிலியருக்கு உரிமை இல்லை. ஒரு நோக்கத்துக்கெனக் குறித்துக் கொடுக்கப்பட்ட பணமும் அத்தகையதே. சட்டமும் அவ்வாறே கூறுகிறது. இதை நான் சொன்னேன். வாக்கெடுப்பு நடந்தது. அந்த நன்கொடையைத் தொடுவதில்லை என்றும், நான்கு இல்லங்களில் மட்டும் பணியைத் தொடர்வது என்றும் முடிவாயிற்று.

ஏனைய மூன்று இல்லங்களுக்கும் இரண்டு மாதங்களுக்கு முன்னரே நேரில் சென்று சொல்ல வேண்டும் என்றும், அதை நடிகர் மேல் சுமத்தாமல் அறங்காவலரே செய்ய வேண்டும் என்றும் தீர்மானித்தோம். ஓர் இல்லத்துக்கு நான் சென்றேன். அங்கிருந்த பராமரிப்பாளர் என் சொற்களைக் கேட்டுவிட்டு, “இவர்களுக்கு நாளை நீங்கள் வந்ததே நினைவிராது, ஆனால், அந்த நாள்களில் அவர்கள் நன்றாக உண்கிறார்கள்” என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் விடை இல்லை. இயக்குநரும், “கணக்கைக் காத்தீர்கள், முதியோரை விட்டுவிட்டீர்கள்” என்று வருந்திச் சொன்னார். அந்தப் புதிய மானியம் வரவே இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு நிதியுதவி கிடைத்தபோது, மூன்று இல்லங்களில் ஒன்றுக்கு மீண்டும் செல்ல முடிந்தது, இரண்டுக்கு முடியவில்லை. நான்கு இல்லங்களில் பணி ஒருநாளும் நின்றதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே எங்கள் முடிவை எடைபோட வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே, பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ கலைக்குழுவுக்கோ பொறுப்பாளராக வருமாறு உங்களையும் ஒருநாள் அழைக்கக்கூடும். மாலையும் மரியாதையும் தரும் பதவி என்று அதை ஏற்காதீர்கள். நேரமில்லை என்று எளிதில் மறுத்தும் விடாதீர்கள். ஏற்குமுன் அந்நிறுவனத்தின் சாசனத்தையும், சென்ற ஆண்டுகளின் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஏற்ற பின் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் குழுவில் எவரேனும் “நிறுத்துங்கள்” என்று கை உயர்த்தினால், அவர் பணிக்குப் பகைவர் என்று எண்ணாதீர்கள். தம் வாயால் கணக்குக் கேட்க இயலாத நோயாளருக்காகவும் முதியோருக்காகவும் அவர் கேட்கிறார்.