மேசரும் யாமும்

சென்ற ஆடித் திங்களில், எம் விடுதிக் கழகத்தில் மேசர் என்னுங் கருவியைக் குறித்துத் தமிழிற் பேச ஒப்பினோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு இவ்வேலை எற்றுக்கு என நண்பர் நகைத்தனர். யாமோ, "ஓர் அலை புக ஈரலை வெளிப்படும், அதுவே மேசர்" என்று முழங்கி அமர்ந்தோம். முதலாண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "அண்ணா, மிகுதியாய் வந்த அலை எங்கிருந்து வந்தது?" என்றான். விடையறியாது நின்றோம். அவையினர் நகைத்திருப்பின் தாங்கியிருப்போம். அவர் வாளாவிருந்ததே எம்மைச் சுட்டது.

அன்றிரவு பௌதிகம் பயிலும் தோழர் எம்மை அருகிருத்தி விளக்கினார். மூலக்கூறுகள் தாழ்நிலை, உயர்நிலை என ஆற்றற்படிகள் உடையன. அப்படிகளின் இடைவெளிக்கு ஒத்த நுண்ணலை தாழ்நிலை மூலக்கூற்றைச் சேரின் விழுங்கப்படும். உயர்நிலை மூலக்கூற்றைச் சேரினோ, அம்மூலக்கூறு தன்னிடத்துள்ள ஆற்றலை ஈந்து கீழிறங்கும். ஈந்த அலை, வந்த அலையோடு நீளத்தாலும் போக்காலும் ஏற்றவிறக்கத்தாலும் முற்றும் ஒன்றியிருக்கும். இத்தூண்டிய உமிழ்வை ஐன்ஸ்டைன் 1917-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். எனவே, மிகுதி என்பது மூலக்கூறு முன்னரே வைத்திருந்த பொருளே. ஆயின் இயல்பாகத் தாழ்நிலையினவே எண்ணிக்கையில் மிகுதி. ஆதலின் ஈவதினும் விழுங்குவதே மேற்படும். தொல்லை இங்குளது.

இதற்கு வழி, 1951-இன் இளவேனிற் காலையொன்றில், வாஷிங்டன் நகரப் பூங்காவில் அமர்ந்திருந்த சார்லஸ் டவுன்ஸ் என்பார்க்குப் புலப்பட்டது. அவர் தேர்ந்தது அம்மோனியா. அதன் மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் தளத்திற்கு இப்புறமும் அப்புறமுமாக நைட்ரஜன் அணு நொடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி முறை ஊசலாடும். அதற்கொத்த அலையின் நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர். அம்மோனியாவை வெற்றிடத்திற் கற்றையாய்ச் செலுத்தி, மின்புலத்தால் தாழ்நிலையினவற்றைப் புறத்தே ஒதுக்கி, உயர்நிலையினவற்றை ஓர் உலோக அறையுட் புகுத்தல் வேண்டும். அங்கே அலை சுவரிற் பட்டு மீண்டு, மேலும் மேலும் மூலக்கூறுகளைத் தூண்டி வலுப்பெறும்.

எண்ணியது எளிதிற் கூடவில்லை. ஈராண்டு கழிந்தபின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர்தம் துறையின் மூத்தோரான ராபியும் குஷும் அவர் அறைக்கே வந்து, பணம் வீணாகின்றது, நிறுத்துக என்றனர். எம்போல்வார் அன்றே விட்டொழித்திருப்போம்; டவுன்ஸ் மறுத்தார். கார்டன், சைகர் என்பார் உடனுழைக்க, 1954-இல் மேசர் இயங்கிற்று.

மறுவாரம் அம்மாணவனை உண்டிச்சாலையிற் கண்டு, இவையனைத்தும் உரைத்தோம். சோற்றை மறந்து கேட்டவன், "உயர்நிலையினவெல்லாம் கீழிறங்கிவிட்டால்?" என்றான்.

"புதியன வந்துகொண்டேயிருக்கும், தம்பி. கற்றை நின்றால் மேசரும் நிற்கும்" என்றோம்.